ஒரு கோடி விளக்கு

நவம்பர் மாதம் முதல் சனிக்கிழமை, காலைச் சாப்பாட்டு மேசையில், இரண்டாவது முட்டையை விழுங்குவதற்கு முன்னால், நான் கப்பல் முதலாளி ஆவதென்று முடிவு செய்தேன்.

நிஜக் கப்பல் இல்லை. கணினி விளையாட்டுக் கப்பல். அமெரிக்காவின் வடகோடியில், எங்கள் ஊர் டுலூத்தில் ஆறு மாதம் பனி. வேறு என்னதான் செய்வது? நானும் என் மனைவி மார்லிஸும் ஆளுக்கொரு கணினியில் 'நீள்கடல்' ஆடுகிறோம். மீன் பிடிக்கலாம். புதையல் எடுக்கலாம். எடுத்ததைத் துறைமுகச் சந்தையில் மற்ற ஆட்டக்காரர்களுக்கு விற்கலாம். என்னிடம் ஒரு சின்னப் படகும் இரண்டு வருஷமாகச் சேர்த்த ஒன்பது லட்சம் பொற்காசும் இருந்தன.

மார்லிஸிடம் ஒரு சங்கம் இருந்தது. சர்ச்சில் அவளோடு உட்கார்ந்து போர்வை தைக்கும் ஐந்து பெண்களை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்திருந்தாள். ஆறு பேரும் நாள் முழுக்கக் கடற்பாசி பறிப்பார்கள். கட்டு பன்னிரண்டு காசு என்று விற்பார்கள். அவர்களுக்கும் கப்பல் ஆசை. கப்பல் விலை முப்பது லட்சம். பாசி விற்று முப்பது லட்சம்! நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷம் டயர் விற்றவன் நான். விலை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா?

அன்று காலை ஒரு திமிங்கிலத்தின் வயிற்றிலிருந்து எனக்கு ஒரு நீல விளக்கு கிடைத்தது. சந்தையைத் திறந்து பார்த்தேன். முட்டை தொண்டையில் நின்றது.

"மார்லிஸ்! இந்த விளக்கு சந்தையில ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. விலை நாப்பது லட்சம்!"

"அது விலை இல்ல வெர்ன். கேக்கற விலை."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"நான்கூடத்தான் தலைநிறைய முடியோட ஒரு புருஷன் கேட்டேன். கிடைச்சுதா?"

நான் தலையைத் தடவாமல் இருக்கக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த நாப்பது லட்சத்து ஆளு ஜூலைலேர்ந்து கடைய விரிச்சு உக்காந்திருக்கான். கேக்கறத விடு, சந்தைல வித்த கணக்கைப் பாரு. போன மாசம் மூணு விளக்கு வித்திருக்கு. எல்லாமே நாலு லட்சத்துக்குள்ள. நான் நாலு தர்றேன். இப்பவே தர்றேன்."

"நாலா? பாசி விக்கறவங்க பாசி விலைதான் கேப்பீங்க."

"சரிப்பா. உன் விலைக்கு வித்துட்டா இந்தக் குளிர்காலம் முழுக்க வாசல் பனிய நான் வார்றேன். விக்கலேன்னா நீ வாரு."

எங்கள் வீட்டு வாசல் மலைச்சரிவு. பாதி வாருவதற்குள் மேலே மறுபடி விழுந்திருக்கும். நான் உடனே கை கொடுத்தேன்.

சந்தையில் ஒரு விதி. பொருளை வைக்கும்போதே, நாம் கேட்கும் விலையில் நூற்றுக்கு ஐந்து பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். பொருள் மூன்று நாள் கடையில் இருக்கும். விற்காவிட்டால் பொருள் திரும்பி வரும். கட்டணம் வராது. நாற்பது லட்சத்துக்கு இரண்டு லட்சம். கட்டினேன். நாற்பது வரப்போகிறவன் இரண்டைப் பார்ப்பானா?

மூன்று நாளும் கடைவீதியில் சுற்றிவந்தேன். அடேயப்பா, என்னென்ன பிறவிகள்! ஒருவன் ஒற்றைச் செருப்பை ஆறு லட்சத்துக்கு வைத்திருந்தான். அதிலும் குதிகால் கிடையாது. இன்னொருவன் ஒரு கிழட்டுக் கிளிக்கு ஒன்பது லட்சம் கேட்டான். கிளி பேசாது. பேசியிருந்தால் அவனைத்தான் திட்டியிருக்கும். பேராசை பிடித்த பயல்கள் என்று காறித் துப்பிவிட்டு, என் விளக்கைப் போய்ப் பார்த்தேன். என் பொருள் வேறு. என் விலை நியாயமானது.

மூன்றாம் நாள் விளக்கு திரும்பி வந்தது. மறுபடி இரண்டு லட்சம் கட்டினேன். மறுபடி மூன்று நாள். மறுபடி வந்தது. விளக்கு எரியவில்லை. வயிறு எரிந்தது.

அன்று பனி விழுந்திருந்தது. பந்தயம் இன்னும் முடியவில்லை என்று நான் எவ்வளவோ வாதாடினேன். முடிகிறவரைக்கும் வாரு என்று மார்லிஸ் என் கையில் மண்வாரியைக் கொடுத்துவிட்டாள். பக்கத்து வீட்டு டுவேன் பெல்க்கி பனி தள்ளும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்தான். அவனும் நீள்கடல் ஆடுகிறவன். உலகத்தில் எந்த விஷயத்துக்கும் அவனிடம் ஒரு யோசனை உண்டு.

"வெர்ன், உன் விளக்கைப் பாத்தேன்யா. ஏன் விக்கல தெரியுமா?"

"ஏன்?"

"சல்லிசா வச்சிருக்கே. நாப்பதுன்னா ஏதோ ஓட்டை விளக்குன்னு நெனப்பான். அறுபது போடு. அப்பத்தான் ஒரு மரியாதை."

"அறுபதா? கட்டணமே மூணு லட்சம் ஆகுமே."

"நீ கட்டணத்தைப் பாக்கறே. பணக்காரன் பொருளைப் பாப்பான்."

பூஜ்யத்துக்குக் கீழே பன்னிரண்டு பாகை குளிரில் மூளை உறைந்துபோயிருக்கும்போது இது தத்துவம் போலக் கேட்கிறது. உள்ளே போய் அறுபது போட்டேன். மூன்று லட்சம் கட்டினேன். மூன்று நாள். வந்தது விளக்கு.

இப்போது என்னிடம் இரண்டே லட்சம். திட்டு விழும் என்று தோளைச் சுருக்கிக்கொண்டு மார்லிஸிடம் சொன்னேன். திட்டவில்லை. காப்பி கொண்டுவந்து வைத்தாள். தோளில் கையையும் வைத்தாள். மார்லிஸ் பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறவள். அங்கே பிடுங்குவதற்கு முன்னால்தான் ரொம்பச் சிரிப்பார்கள். அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"நான் அன்னிக்குச் சொன்னது தப்போன்னு தோணுது வெர்ன்."

முப்பத்தோரு வருஷத்தில் இந்த வாக்கியத்தை நான் கேட்டதே இல்லை. காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன்.

"நெஜமாவா?"

"டயர் வித்த ஆளுக்கு நான் விலை சொல்லித் தர்றதா? யோசிச்சுப் பாத்தேன். அறுபதும் ஒரு மாதிரி அரைகொறையா இருக்கு. ஒரு கோடின்னு போட்டா முழுசா இருக்கும். கண்ணுல படும்."

"ஒரு கோடிக்கு அஞ்சு லட்சம் கட்டணும். எங்கிட்ட ரெண்டுதான் இருக்கு."

"படகு இருக்கே."

"படகை வித்துட்டா?"

"கப்பல் வாங்கப் போறவனுக்குப் படகு எதுக்கு?"

எவ்வளவு தெளிவான கேள்வி! படகை மூன்று லட்சத்துக்கு யாரோ ஒரு அந்நியனுக்கு விற்றேன். ஐந்து லட்சத்தையும் கட்டினேன். சந்தையின் உச்சியில், எல்லாருக்கும் மேலே, ஒரு கோடி என்று என் விளக்கு நின்றது. என் பெயர் அடியில். நீந்திப் போய்க் கரையில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். நீந்தித்தான் போனேன். படகு இல்லையே.

எல்லார் கண்ணிலும் பட்டது. அதுதான் வினை. விளக்குக்கு ஒரு கோடியா என்று ஊரில் உள்ள அத்தனை ஆட்டக்காரனும் திமிங்கில வேட்டைக்குக் கிளம்பிவிட்டான். மூன்றாம் நாள் மத்தியானம் சந்தையில் எண்பத்தாறு விளக்கு. கடைசி விலை எட்டாயிரம். அதில் மூன்று விளக்கு டுவேனுடையது.

என் விளக்கு திரும்பி வந்தது. அதே நேரம் சாப்பாட்டு அறையில் பெரிய கூச்சல். மார்லிஸின் கணினியிலிருந்து ஐந்து பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். "இறங்கியாச்சு! கப்பல் தண்ணில இறங்கியாச்சு!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். திரையில் மூன்று பாய்மரம். புது வர்ணம். மேல்தளத்தில் மார்லிஸ், தலைவித் தொப்பியோடு.

"முப்பது லட்சம் ஏது உங்களுக்கு?"

"பாசி வித்தது பதினெட்டு."

"மீதி?"

"துறைமுக வருமானம்."

"எந்தத் துறைமுகம்?"

"நம்ம துறைமுகந்தான். அக்டோபர்ல சங்கம் குத்தகைக்கு எடுத்துச்சு. நுழையற எடத்துல இவ்ளோ பெரிய பலகை வச்சிருக்கோமே, படிக்கலியா? சந்தைல யார் என்ன பதிவு பண்ணாலும் கட்டணம் சங்கத்துக்கு வரும். மத்தவங்க கட்டினதெல்லாம் குத்தகைக்கே சரியாப் போச்சு."

இரண்டு, இரண்டு, மூன்று, ஐந்து. விரல் விட்டுக் கூட்டினேன். பன்னிரண்டு. இன்னொரு தடவை கூட்டினேன். பன்னிரண்டுதான்.

"அடிப்பாவி! தெரிஞ்சேதான் ஒரு கோடி போடச் சொன்னியா?"

"மொதல்ல நல்லதுதானே சொன்னேன்? கையில நாலு லட்சத்தை நீட்டினேன். கேட்டியா?"

கணினிக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. லவோன் ஸ்டென்ரூட். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறவள், சாது என்று நான் நினைத்திருந்தவள். "வெர்ன், ரொம்ப தாங்க்ஸ்! அந்த நடுப் பாய்மரம் முழுக்க உங்களோடதுதான்!"

மற்ற நால்வரும் கைதட்டினார்கள். கைதட்டல் நிற்கிறவரை நின்றேன். வேறு என்ன செய்வது? வெளியே போனால் பனி.

நான்கு நாள் வீம்பாக இருந்தேன். கரையிலேயே உட்கார்ந்து தூண்டில் போட்டேன். ஒரு பழைய தொப்பி மாட்டியது. எட்டாயிரத்துக்கு விளக்கை வைக்கலாமென்றால் கட்டணம் நானூறு. என்னிடம் நாற்பது காசு இல்லை. கப்பல் தினமும் என் மூக்குக்கு முன்னால் பாய் விரித்துப் பெரிய கடலுக்குப் போனது. ஆறு பெண்களும் என்னைப் பார்த்துக் கையசைத்தார்கள். ஐந்தாம் நாள் மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு அறை வாசலில் போய் நின்றேன்.

"மார்லிஸ், உங்க கப்பல்ல தளம் கழுவ ஆள் வேணுமா?"

"சங்கத்தைக் கேக்கணும். ஓட்டுப் போட்டுத்தான் முடிவு."

ஆறு பேரும் ஓட்டுப் போட்டார்கள். ஐந்து பேர் என்னைச் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்தார்கள். எதிர்த்து விழுந்தது ஒரே ஒரு ஓட்டு. அது எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலிருந்து விழுந்தது.