குரலில் எரிச்சல் தெரிகிறது

கார் சாவி எங்கே என்றுதான் கேட்டார். அதற்குள் சுவரிலிருந்த வெள்ளைப் பெட்டி இதமான பெண்குரலில் சொன்னது.

“உங்கள் குரலில் எரிச்சல் தெரிகிறது. கொஞ்சம் மெதுவாகப் பேசலாமே.”

டிரைவிங் மாஸ்டர் வாயை மூடிக்கொண்டார். யாரையும் குறை சொல்ல வழியில்லை. பெட்டியை வாங்கி மாட்டியவர் அவரேதான். வீட்டில் குரல் உயர்ந்தால் பக்குவமாக எடுத்துச் சொல்லும், வாராவாரம் ஆளுக்கொரு மதிப்பெண் போட்டு செல்போனுக்கு அனுப்பும் என்று கடைக்காரர் விளக்கியபோது அவருக்கு மனைவியின் ஞாபகம்தான் வந்தது. அவள் கணக்கு டீச்சர். வீட்டில் உப்பு போதுமா என்று கேட்டாலும் கடைசி பெஞ்ச் வரை கேட்கும்.

முதல் வார மதிப்பெண் வந்தது. மனைவிக்கு எண்பத்தெட்டு. அவருக்கு முப்பத்தொன்று.

“நாலு மார்க்ல போச்சு,” என்றாள் அவள். “வேணும்னா டியூஷன் எடுக்கறேன்.”

சத்தம்தான் கோளாறு என்று முடிவு செய்து, மறுநாள் குளியலறைக்குள்ளிருந்து கிசுகிசுத்தார்.

“துண்டு.”

“என்னது?”

“துண்டு எடுத்துக் குடு.”

“ஒண்ணும் காதுல விழல. வாயத் திறந்து சொல்லுங்க.”

திறந்தார். பெட்டியும் திறந்தது. “உங்கள் குரலில் எரிச்சல் தெரிகிறது.”

அடுத்து, தேன் தடவிப் பேசிப் பார்த்தார். “கண்ணே, இந்த அருமையான காப்பிய எந்த வருஷம் போட்டு வச்சே?”

பெட்டி சற்றுத் தயங்கியது. பிறகு, “கேலியும் புண்படுத்தும்,” என்றது.

மனைவி அண்ணாந்து பார்த்தாள். “இதெல்லாம்கூட எப்படிங்க அதுக்குப் புரியுது?”

“விஞ்ஞானம்,” என்றார், தோற்றதிலும் கொஞ்சம் பெருமையாக.

இனி சண்டை என்றால் வெளியில்தான் என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அவருடைய பயிற்சிக் காரில் ஏறிக் கதவைச் சாத்தினால் பெட்டிக்குக் கேட்காது. ஆனால் அந்தக் காரில் இடப்பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவர் குரலை உயர்த்தும்போதெல்லாம் மனைவி அதை மிதித்தாள்.

“உங்க அக்கா வீட்டுக்காரர் என்ன பெரிய...”

கார் நின்றது.

“சரி, விடு. அவர் நல்லவர்தான்.”

கார் நகர்ந்தது.

“ஆனா அன்னைக்கு அவர் பேசின பேச்சு...”

மறுபடி நின்றது. பின்னால் வந்த வண்டியெல்லாம் ஹாரன் அடித்தது. பயிற்சிப் பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும் காரின் முதுகில் கொட்டை எழுத்தில் இருந்ததால், அந்த வாரமே மாணவர்கள் சிலர் நின்றுவிட்டார்கள். மாஸ்டருக்கே இன்னும் வண்டி கைவரவில்லையாம்.

அதன்பிறகு அவர் பேச்சையே விட்டுவிட்டார். சாப்பாட்டு மேஜையில் தலையசைத்தார். சாவியைத் தானே தேடினார். தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளரைக் காட்டினார். அந்த வாரம் அவருக்குத் தொண்ணூற்றாறு.

செல்போனை நீட்டிக் காட்டினார். அவள் சிரிக்கவில்லை.

“நம்ம வீட்லயே விருந்தாளி மாதிரி இருக்கு,” என்றாள். அவளுடைய குரலும் எப்போதோ தணிந்துபோயிருந்தது. “நீங்க தலையாட்டறது எனக்கா, அந்தப் பெட்டிக்கான்னே தெரியல. நான் கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருந்துட்டு வர்றேன்.”

போகாதே என்று தொண்டை வரை வந்தது. வாயைத் திறந்தால் கத்திவிடுவோமோ என்று விழுங்கிக்கொண்டார். அவள் வாசலில் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கைப்பழக்கத்தில் இரண்டு காப்பி போட்டுவிட்டார். இரண்டாவது கோப்பை மேஜையில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவரைப் பெட்டி கூப்பிட்டது.

“அவங்களுக்கு ஒரு போன் பண்ணலாமே.”

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பெட்டியைப் பிடுங்கிக் கீழே வைத்தார். பிறகு அதன் அடியில் ஒட்டியிருந்த கம்பெனி எண்ணுக்கு அடித்தார். ஒரு பெண் எடுத்தாள்.

“உங்க பெட்டி எனக்கு வேணாம்,” என்றார். வெகுநாளைக்குப் பிறகு அவருடைய சொந்தக் குரல் அவருக்கே கேட்டது. சுவரெல்லாம் அதிர்ந்தது, யாரும் தடுக்கவில்லை. “ஒரு மெஷினுக்குப் பயந்துகிட்டு, போகாதன்னு ஒரு வார்த்தை சொல்லாம பொண்டாட்டிய அனுப்பிட்டு உக்காந்திருக்கேன். இப்பவே கனெக்‌ஷனக் கட் பண்ணுங்க. நான் போய் அவளக் கூட்டிட்டு வரணும்.”



“தயவுசெஞ்சு பெட்டிய திரும்ப மாட்டிட்டுப் போங்க சார்,” என்றாள் அந்தப் பெண். “உங்க வீட்டு அக்கா திரும்பி வந்துட்டாங்களான்னு தெரியாம, ஷிஃப்ட் முடிஞ்சும் இங்க ஒருத்திகூட ஹெட்போனக் கழட்ட மாட்டேங்கறா.”