ஏற மரமில்லாத வெற்றிலை

எனக்குச் செடி கொடிகளைத் தெரியும் என்று நான் சொன்னதை நம்பி இதுவரை யார் உயிரும் போனதில்லை. ஒரே ஒரு நிச்சயதார்த்தம்தான் போகப் பார்த்தது. அதுவும் என் சொந்தத் தம்பியுடையது.

லாபு பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். தோட்டத்துப் பிள்ளைக்கு இலை தழை எல்லாம் அத்துப்படி என்று ஒரு நினைப்பு எனக்கு உண்டு. கல்யாணமாகி செண்டாயானில் குடியேறிய பிறகு அந்த நினைப்பு உரம் போட்டதுபோல் வளர்ந்துவிட்டது. எங்கள் தெருவில் எல்லாரும் டவுனில் வளர்ந்தவர்கள். எந்தச் செடிக்கு எந்தப் பெயரைச் சொன்னாலும் தலையாட்டினார்கள். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். எங்கள் தெருவில் எது இலுப்பைப்பூ என்று காட்டுவதும் நான்தான்.

அம்மா, அப்பா இரண்டு பேரும் போய்ச் சேர்ந்த பிறகு, தம்பி சேகருக்குப் பெண் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. லோரி ஓட்டுகிறவன், நல்ல பிள்ளை. ஆனால் வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பிப் போனது. கடைசியில் லுக்குட்டில் கலா கிடைத்தாள். ஒரு கிளினிக்கில் மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண். இரண்டு பேருக்கும் ஒருவரை ஒருவர் ரொம்பப் பிடித்துப்போனது. அவள் அம்மாவுக்கும் சம்மதம்.

சம்மதமில்லாதவர் ஒருவர்தான். கலாவின் பெரியப்பா. கலாவுக்கு அப்பா இல்லாததால் அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்கோ தன் மனைவி வழியில் ஒரு பையனுக்குக் கலாவைக் கட்டிவைக்க ஆசை. ரப்பர்த் தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்த பழைய மண்டோர் வேறு. பால் மரத்துப் பட்டையில் வெட்டுக்காயம் தேடித் தேடிப் பழகிய கண். "ஒரு சின்னக் குறை கெடைச்சாலும் மனுஷன் கலைச்சு விட்டுருவாரு லா" என்று சேகர் என்னிடம் நூறு முறை சொல்லியிருந்தான்.

அந்த மனிதரிடம்தான் நான் இலை கொண்டு போனேன்.

நிச்சயத்தன்று காலையில் என் வீட்டுக்காரர் சாதாரணமாகத்தான் சொன்னார்: "பரமு, சிரம்பான் பசார்ல வெத்தலை வாங்கிட்டு அப்படியே போயிடலாம்."

எனக்குச் சுருக்கென்றது. "கடை வெத்தலையா? அம்மா கை வச்ச கொடி தோட்டத்துல இருக்கு. அவங்கதான் வர முடியல, அவங்க வெத்தலையாச்சும் வரட்டும்."

(இப்படிப் பேசினால் எந்தப் புருஷன்தான் மறுத்துப் பேசுவார்?)

நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குப் பின்னால் ஒரு பலாமரம் இருந்தது. அதன் அடியில் அம்மா நட்ட வெற்றிலைக்கொடி மரத்தைச் சுற்றி ஏறியிருக்கும். நாங்கள் போய்ப் பார்த்தபோது லயமும் இல்லை, பலாவும் இல்லை. சுற்றிலும் எண்ணெய்க்காக நட்ட செம்பனை. வெட்டிப்போட்ட பலாவின் அடிக்கட்டை மட்டும் கிடந்தது. அதைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குப் பச்சைப் பசேலென்று இலைகள். இதய வடிவம், கூர் நுனி, பளபளப்பு.

என் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டது. ஏறுவதற்கு மரம் இல்லாமல் வெற்றிலை தரையிலேயே கிடக்கிறதே! தாயைப் பறிகொடுத்த எங்களைப் போலவே கிடக்கிறதே!

வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். "வெத்தலை கொடியில்ல? இது என்னா நின்னுக்கிட்டு இருக்கு?"

"ஏற மரம் இல்ல, பாவம். புடிச்சுக்க ஆளில்லன்னா சொந்தக் கால்லதான் நிக்கணும்" என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

இலைகளுக்கு நடுவே சின்னச் சின்னதாக வெள்ளைக் குச்சிகள் நிமிர்ந்து நின்றன. வெற்றிலையில் அப்படி எதையும் நான் பார்த்ததே இல்லை. கவலையில் வந்திருக்கும் என்று நினைத்துக் கிள்ளிப் போட்டேன். கசக்கி முகர்ந்தேன், காரநெடி இல்லை. (அன்றைக்கு எனக்குச் சளி. இதை இன்றுவரை யாரும் ஒப்புக்கொள்வதில்லை.) நல்லதாகப் பார்த்துப் பறித்து, கழுவித் துடைத்து, தட்டில் விசிறிபோல் அடுக்கினேன். மேலே பாக்கு, மஞ்சள், குங்குமம். அந்தத் தட்டைப்போல் அழகான தட்டை நான் அதற்கு முன்னும் அடுக்கியதில்லை, பின்னும் அடுக்கியதில்லை. (பின்னால் அடுக்க விட்டால்தானே.)

லுக்குட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. பெரியவர்கள் பேசினார்கள். தட்டு மாறியது. பெரியப்பா கணீரென்று சொன்னார்: "வாயால ஆயிரம் பேசலாம். வெத்தலை மாத்தி, வாயில போட்டாத்தான் வாக்கு."

சொல்லிவிட்டு எங்கள் தட்டிலிருந்து ஒரு இலையை எடுத்தார். காம்பைக் கிள்ளினார், சுண்ணாம்பு தடவினார், பாக்கை வைத்து மடித்துக் கன்னத்தில் ஒதுக்கினார். மென்றார். ஒருமுறை, இருமுறை. அப்புறம் அந்தத் தாடை நின்றது.

நானும் மூச்சை நிறுத்தினேன்.

"என்னாம்மா இது?"

"வெத்தலைதான்யா. எங்கம்மா வச்ச கொடி."

"இது வெத்தலையா?" இன்னொரு இலையைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "மலாய்க்காரங்க சோத்தோட பச்சையா, உலாம்னு திங்கிற இலை இது. பேரு காடுக்! எஸ்டேட்டு மூலை முடுக்கெல்லாம் தானா மொளைக்கும். இதையா தட்டுல வச்சு எங்க பொண்ணைக் கேக்க வந்தீங்க?"

சேகரின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பாதையில் லோரி கவிழ்ந்தால்கூட அவன் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டான்.

கலாவின் உறவுக்காரர் ஒருவர் உதவி செய்வதாக நினைத்து இலையைக் கைப்பேசியில் படமெடுத்துத் தேடினார். "பெரியப்பா, வெத்தலையும் இதுவும் ஒரே குடும்பம்னுதான் போட்டிருக்கு. மொளகுக் குடும்பமாம்."

மூழ்குகிறவளுக்குத் துரும்பு கிடைத்துவிட்டது. "பாத்தீங்களா! ஒரே குடும்பம்தான்!" என்று நான் கத்தினேன்.

"ஒரே குடும்பம்னா? புளிக்குப் பதிலா புளியங்கொட்டைய ரசத்துல போடுவியாம்மா?"

அவர் தோள் துண்டை உதறினார். "வெத்தலை மாத்தல. அதனால வாக்கும் இல்ல. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

அந்த 'இன்னொரு நாள்' வராது என்பது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். கலாவின் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தார். அம்மா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று தெரியும். "தெரிஞ்ச கண்ணுக்குத்தான் இலை, தெரியாத கண்ணுக்கு வெறும் பச்சை" என்பாள். அவள் நட்டது வெற்றிலைதான். பெற்றதுதான் சரியாக வரவில்லை.

அப்போதுதான் உள்ளறைக் கதவு திறந்தது. பாதி அலங்காரத்தில், ஒரு காதில் மட்டும் ஜிமிக்கியோடு கலா வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தட்டருகே உட்கார்ந்து ஒரு இலையை எடுத்தாள். பாக்கு வைத்தாள், மடித்தாள், வாயில் போட்டு நிதானமாக மென்றாள். நாங்கள் எல்லாரும் அவள் தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் விழுங்கினாள்.

"நான் முழுங்கிட்டேன் பெரியப்பா."

அவர் வாயைத் திறந்தார், உடனே மூடிக்கொண்டார். அவர் வாயில் போட்ட இலை இன்னும் கன்னத்தில்தான் இருந்தது.

"நீங்க வாயிலதான் வச்சிருக்கீங்க" என்றாள் கலா, மெதுவாக. "வேணாம்னா துப்பிடுங்க. எல்லாரும் பாக்கட்டும்."

பெரியப்பா சுற்றிலும் பார்த்தார். படிக்கம் வாசலுக்கு வெளியே இருந்தது. நடுவில் புதுக் கம்பளம், அதன்மேல் இரண்டு வீட்டுச் சனமும். எச்சிலைத் துப்புவதற்கு எழுந்து போனால், தம்பி மகளின் வாழ்க்கையைத் துப்பப் போகிறார் என்று அர்த்தம். அவர் கலாவைப் பார்த்தார். அவள் கண்ணை எடுக்கவில்லை, ஆனால் அதில் நீர் நிறைந்திருந்தது.

அவருடைய தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது.

அதுதான் என் தம்பியின் நிச்சயதார்த்தம்.

இப்போது சேகருக்கு இரண்டு பிள்ளைகள். எங்கள் குடும்பத்தில் யார் சாக்குப்போக்கு சொன்னாலும், பரீட்சையில் கோட்டை விட்டாலும், சாம்பாரில் உப்பை மறந்தாலும், "ஏற மரம் இல்ல, பாவம்" என்று கோரஸாகச் சொல்வார்கள். விசேஷங்களில் நான் வாழைப்பழச் சீப்பை மட்டும் தொடலாம். வெற்றிலையைக் கலாதான் அடுக்குவாள். அடுக்கி முடித்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரே ஒரு காடுக் இலையை வைப்பாள்.

போன மாதம் சின்னவளுக்குக் காது குத்தினோம். வந்திருந்த ஒரு அம்மாள் தட்டைப் பார்த்துவிட்டு, "ஐயையோ, இது என்னா காட்டு இலை?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியப்பா முகத்தில் சிரிப்பே இல்லாமல் பதில் சொன்னார்:

"அது எங்க சம்பந்தி வீட்டு வெத்தலைம்மா. ஏற மரம் இல்ல, பாவம்."