வெண்ணெய் தின்ற எலிகளும் தானியம் தின்ற எலிகளும்

தேனி,
14.8.1978

கர்த்தருடைய கிருபையால் சென்னையில் சுகமாயிருக்கும் மகள் கிருபாவதிக்கு, அப்பா ஞானசிகாமணி எழுதுவது. இங்கே நான் சுகம். எலிகளும் ஒன்றைத் தவிர சுகம்.

உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைநிறுத்தம் முடியும்வரை என்று சொல்லி, இரண்டு கூண்டுகளை முன்னறையில் வைத்துவிட்டு அன்று சாயங்கால பஸ்ஸுக்கே ஓடிவிட்டாய். இடது கூண்டுக்கு வெண்ணெயும் முட்டை மஞ்சள் கருவும், வலது கூண்டுக்கு வெறும் தானியம். சத்தம் கேட்டால் இவற்றுக்கு வலிப்பு வரும், கொழுப்புத் தின்றால் குறைகிறதா என்பதுதான் ஆராய்ச்சி, அதனால் வீட்டில் சத்தமே கூடாது என்றாய். சரியென்று ரேடியோவை நிறுத்தினேன், சுவர்க்கடிகாரத்தை நிறுத்தினேன், வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தாரிடம் பாட்டில்லாமல் ஜெபியுங்கள் என்றேன், அவர்கள் மறுவாரமே ஜேசுராஜ் வீட்டுக்குப் போய்விட்டார்கள். உன் அம்மா போனபின் இந்த வீட்டில் மிச்சமிருந்த சத்தம் அவ்வளவுதான். பக்கத்து வீட்டு அய்யம்மாள் எட்டிப் பார்த்து, "என்னண்ணே, மூச்சுப் பேச்சையே காணோம், மக கூட மெட்ராசுக்குப் போயிட்டீகளோன்னு நெனச்சேன்" என்றாள். நீ கூப்பிடவில்லை என்று அவளிடம் சொல்லவில்லை.

இப்படி இருக்கையில் போன ஞாயிறு கோயிலுக்குப் போய் வந்து கதவைத் திறக்கும்போது சாவிக்கொத்து கைநழுவித் தரையில் விழுந்தது. வலது கூண்டில் ஒரு எலி வெறிபிடித்துச் சுற்றி ஓடி, விழுந்து, கைகால் இழுத்துக்கொண்டு கிடந்தது. இடது கூண்டுக்காரர்கள் மீசை வெண்ணெயை நக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பேர் சொல்லிக் கூப்பிடலாமென்றால் நீ எண் மட்டுமே போட்டிருக்கிறாய். அது எழுந்திருக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், எனக்கு அழுகை வந்துவிட்டது. அய்யம்மாள் வந்து பார்த்துவிட்டு, "அங்கன வெண்ணெ, இங்கன வெறுந்தானியமா? அசனத்துல பந்தி பரிமாறுற மனுசன் பண்ற வேலையாண்ணே இது?" என்று கேட்டாள். அவள் கேட்டதில் என்ன தப்பு? நம் சபை அசன விருந்தில் இத்தனை வருஷமாக வாளி தூக்குகிறேன், போதகர் ஐயருக்கு ஒரு கரண்டி, ஏழைக்கு ஒரு கரண்டி என்று நான் போட்டதில்லை. அன்றைக்கே இரண்டு கூண்டுக்கும் வெண்ணெய் வைத்துவிட்டேன்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எலியும் மிச்சமில்லை, உன் ஆராய்ச்சி கெட்டது, தெரியும். கோபப்படு, ஆனால் உடனே ஆளை அனுப்பி இவற்றைக் கொண்டுபோ. என்னால் ஊமையாகக் குடித்தனம் நடத்த முடியாது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வரத்தை முக்கியமாக.

உன் அப்பா,
ஞானசிகாமணி

பி.கு.: ஆளை அனுப்பாதே. நீயே வா. ஆராய்ச்சியை முதலிலிருந்து இங்கேயே தொடங்கலாம், உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. எத்தனை மாதம் பிடிக்கும் என்று மட்டும் எழுது. அதற்கு மேலும் கொஞ்சம் பிடித்தால் நல்லது.