லேசர் கண்ணாடிக்குத் திருநீறு பூசியவள்

ஆறு பாதுகாப்புக் கண்ணாடிகளை ஒரே காலையில் நாசமாக்கியவள் நான்தான். மறைக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அதற்காக நான் தலைகுனிந்து நிற்பேன் என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம்.

இலங்கை மலைநாட்டில் ஹல்துமுல்லைப் பக்கம் தேயிலை பொதி செய்யும் ஒரு ஃபெக்டரியில் அப்போது எனக்கு வேலை. எல்ல என்ற சுற்றுலா ஊரின் கடைகளில் வெள்ளைக்காரர்கள் ஆசையாக வாங்கிப்போகும் பளபளப்பான தேயிலை டின்களில் பெயரும் மலைப்படமும் பொறிக்க ஒரு லேசர் மெசின் வந்திருந்தது. அதற்கு மூடி கிடையாது, மேசை மாதிரித் திறந்தே இருக்கும். அதன் கதிர் கண்ணுக்குத் தெரியாது. டின்னில் பட்டுத் தெறித்து விழியில் விழுந்தால் வலிகூடத் தெரியாமல் பார்வை போய்விடும். அதனால் பச்சைக் கண்ணாடி போடாமல் அந்த அறைக்குள் போகவே கூடாது.

கொழும்பில் இரண்டு நாள் பயிற்சி கொடுத்து என்னை லேசர் பாதுகாப்புப் பொறுப்பாளர் ஆக்கினார்கள். வெளிச்சத்தையே நான்தான் கண்டுபிடித்த மாதிரி திரும்பி வந்தேன். பளபளப்பான எதுவும் உள்ளே வரக்கூடாது என்று வளையல், தோடு, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றவைத்தேன். மெசினை ஓட்டும் சரோஜா அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டி ஜெயந்தி, வேலைக்கு வந்தோமா, இல்ல ஆஸ்பத்திரிக்கு வந்தோமா? எதப் போட்டாலும் கழட்டச் சொல்றியே!"

"மெசினவிட இந்தக் கண்ணாடிதான்க்கா முக்கியம்" என்று தினமும் பிரசங்கம் செய்தேன். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் ஃபெக்டரியில் உழைக்கிற எதற்கும் அன்று பொட்டு உண்டு. தராசு, லொறி, கென்டீனில் தண்ணீர் கொதிக்கிற கேத்தல் வரைக்கும். லேசர் அறையில் எது முக்கியம்? நான்தானே சொல்லியிருக்கிறேன்! கண்ணாடிகளை வாழையிலையில் வரிசையாக அடுக்கினேன். ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று பட்டை திருநீறு, நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். பன்னிரண்டு கண்ணுக்கும் பக்தியோடு பூசினேன். (மெசினின் லென்ஸில் கைவைக்கவில்லை. அவ்வளவு அறிவாவது இருந்தது.)

மறுநாள் காலை மேனேஜர் சேர் ஓடிவந்தார். "பத்து மணிக்குக் கொழும்புல இருந்து ஓடர் குடுக்கிறவர் வாராரு. டின்னுல பேரு விழுறதக் கண்ணால பாத்தாத்தான் ஓடராம்."

அந்த ஓடர் கிடைத்தால்தான் லேசர் அறையில் தற்காலிகமாக இருந்த எங்கள் ஆறு பேருக்கும் வேலை நிரந்தரமாகும்.

காய்ந்துபோன பொட்டைச் சேலைத் தலைப்பால் அழுத்தித் துடைத்தேன். திருநீற்றுப் பொடி உரசி, கண்ணாடி முழுக்கக் கீறல். சரி, பசை துடைக்கிற தின்னர் இருக்கிறதே என்று ஒரு பேசினில் ஊற்றினேன். ஒன்றை மட்டும் போட்டுப் பார்ப்போம் என்று எந்தப் புத்திசாலிக்கும் தோன்றியிருக்கும். நான் ஆறையும் ஒன்றாக ஊறவைத்தேன். எடுத்தபோது அத்தனையும் வெளுத்துப்போய், ஹப்புத்தளை மூடுபனி மாதிரி இருந்தன.

பத்து மணி.

"மெசினப் போடு ஜெயந்தி" என்றார் சேர்.

"முடியாதுங்க சேர். கண்ணாடி இல்ல."

"நேத்து இருந்துச்சே?"

"நேத்துப் பூசை செஞ்சேங்க..."

கதையைக் கேட்டுத் தலையில் கைவைத்தார். "அஞ்சு நிமிஷ வேலதானே? ஒரு தடவை கண்ணாடி இல்லாம ஓட்டட்டும்!"

சரோஜா அக்காவும் மெசினை நோக்கி நடந்தார். "பரவாயில்ல ஜெயந்தி, நான் அங்கிட்டுத் திரும்பிக்கிறேன். நமக்கு வேல நிக்கணும்ல?"

அந்த அறையில் ஆறடிக்கு ஆறடி பளபளக்கிற டின் அடுக்கியிருந்தது. எங்கிட்டுத் திரும்புவார்? மெசின் சாவியை உருவி ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டேன். (சேர் மரியாதையான மனிதர். அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.)

"தப்பு என்னோடதுதாங்க சேர். வேலைய விட்டு நிப்பாட்டுங்க. ஆனா அக்கா கண்ணுக்கு நான் பொறுப்பு. சாவி வராது."

வாசலில் நின்ற கொழும்புக்காரர் பேசினில் இருந்த கண்ணாடி ஒன்றை எடுத்து மோந்து பார்த்தார். "சந்தனம் மணக்குதே?" விஷயத்தைச் சொன்னேன். தேயிலைப் பெட்டிமேல் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு ஓடர் கொடுக்காமலே காரில் ஏறிப் போய்விட்டார். ஆறு பேர் பிழைப்பில் மண் போட்டுவிட்டேன் என்று கென்டீனில் உட்கார்ந்து அழுதேன். சாவியைக் கொடுத்திருக்கலாம் என்று மட்டும் ஒரு நிமிஷம்கூட நினைக்கவில்லை.

அடுத்த வாரம் புதுக் கண்ணாடிகள் வந்தன. கொழும்புக்காரரும் மறுபடி வந்து, ஓடரும் கொடுத்தார். மற்ற ஐவருக்கும் உடனே வேலை நிரந்தரமானது. எனக்கு மட்டும் ஆறு மாதம் தள்ளி, கூடவே ஓர் எச்சரிக்கைக் கடிதம்: 'பாதுகாப்புக் கண்ணாடிகளுக்குத் திருநீறு பூசியமை, பின்னர் தின்னரில் ஊறவைத்தமை.' சாவியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது. அதை எழுத மேனேஜர் சேருக்குக் கை வரவில்லை!

என் வீட்டுக்காரர் சென்ற மாதம் வாசிப்புக் கண்ணாடி வாங்கிவந்தார். "அம்மா கையில குடுத்துராதீங்கப்பா, அபிஷேகம் செஞ்சிருவாங்க" என்கிறாள் மகள். செய்யட்டும் கிண்டல். அந்தக் கடிதத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் எங்கள் வீட்டில் முதல் பொட்டு அதற்குத்தான்.

சரோஜா அக்கா இப்போது ஓய்வில், வீட்டில் துணி தைக்கிறார். இந்த வயதிலும் ஊசியில் நூல் கோர்க்க அவருக்கு யார் உதவியும் வேண்டாம். என்னைப் பார்த்துச் சிரிக்க நினைப்பவர்கள், முதலில் அவர் நூல் கோர்ப்பதைப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.