வேல மரத்துக்குப் பெயர் வைத்த யானை

ஒரு காட்டில், மழையே வழி மறந்துபோன வறண்ட காட்டில், பெயரில்லாத மரம் ஒன்று நின்றது. ஆட்டுக்குக் காய், அணிலுக்குப் பிசின், தூக்கணாங்குருவிக்குப் பாம்பு ஏறத் தயங்கும் முள் கிளை என்று அது வாரி வாரிக் கொடுத்தது. வாங்கித் தின்றவர்களோ அதை 'ஏய்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்த வருடம் சிங்கத்தின் அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது: பெயரில்லாத மரமெல்லாம் விறகு. மரத்துக்கு வேர்வரை நடுக்கம். பெயர் வைக்க வருபவர் அங்குசப்பன் என்ற யானை அதிகாரி. மரத்தடிக்கு வந்ததும் அதிகாரி வாயில் வரும் முதல் சொல்லே பெயர் என்பது அந்தக் காட்டு வழக்கம். மேல்முறையீடு கிடையாது.

முதலில் பக்கத்து மரத்துக்குப் போன யானை, வழவழப்பான பட்டையில் முதுகைத் தேய்த்து, "சொகுசு!" என்றது. உடனே முத்திரை குத்தினார்கள். நம் மரத்துக்கு வயிறெரிந்தது. மரத்துக்கு ஏது வயிறு என்று கேட்காதீர்கள், எரிந்தது.

"செவலையக்கா, ஐயா வாயில 'அமுதம்'னு வர வைக்கணும்" என்று அது ஆட்டைக் கெஞ்சியது.

"அட, காயைத் தின்னா தானா வரும்! வழியெல்லாம் உதிர்த்துப் போடறேன்" என்ற செவலை, கிளைகளைப் பிடித்து உலுக்கு உலுக்கென்று உலுக்கியது. காயோடு முள்ளும் கொட்டியது. முள்ளையே மென்று தின்னும் ஆட்டுக்கு அது ஒரு பொருட்டாகவே படவில்லை.

காய் வாசனையைப் பிடித்துக்கொண்டு ஆசையாக வந்த யானை, மரத்தடியில் காலை வைத்தது.

"வேல்! வேல் பாய்ஞ்சிடுச்சு டோய்!"

முத்திரை விழுந்தது: வேல மரம்.

"இத்தனை பேருக்குச் சோறு போட்டேனே, கடைசியில முள்ளுதானா எம் பேரு?" என்று மரம் விம்மியது.

"விறகாகாம தப்பிச்சியே, அதைப் பாரு" என்றது செவலை, காயை மென்றுகொண்டே.

மறுவாரம், புண்பட்ட காலை நீட்டிப் படுக்க அதிகாரிக்குக் கட்டில் வேண்டியிருந்தது. தச்சுக் குரங்குகள் ரம்பத்தோடு வந்து, முதலில் இந்த மரத்தின் முத்திரையைப் படித்தன.

"வேலா? நமக்கெதுக்குப்பா வம்பு!"

அடுத்த மரத்தின் முத்திரையைப் படித்ததும் அவற்றுக்கு முகம் மலர்ந்தது. சாயங்காலமே சொகுசின்மேல் யானை குறட்டை விட்டது.

நீதி: நாலு பேருக்கு நல்லது செய், தப்பில்லை. நல்ல பெயர் மட்டும் எடுத்துவிடாதே, ஏறிப் படுத்துக்கொள்வார்கள்.