கொன்ஸ்ரன்ரைனுக்கு ஆள் இருக்கு

வாசகப் பெருமக்களே, உலகத்தில் 'எனக்கு அங்கை ஆள் இருக்கு' என்று ஓர் இனம் உண்டு. கதவு அகலத் திறந்து கிடந்தாலும் இவர்கள் நேரே நுழைய மாட்டார்கள். உள்ளே இருப்பவரின் மைத்துனருக்கு யாரைத் தெரியும் என்று விசாரித்த பிறகுதான் காலை எடுத்து வைப்பார்கள். இத்தாலியின் பலெர்மோ நகரில் இந்த இனத்துக்குத் தலைவர் தேர்தல் வைத்தால் நம்முடைய கொன்ஸ்ரன்ரைன் போட்டியின்றித் தெரிவாவார்.

அங்கே பொலிதேயாமாப் பகுதியில் ஒரு பணக்காரச் சிஞ்ஞோராவுக்கு, அதாவது இத்தாலிய எசமானிக்கு, கார் ஓட்டுகிறவர் அவர். மனைவி அற்புதமலருக்கு அதே வீட்டில் சமையல். கோடை பிறந்ததும் சிஞ்ஞோரா நாய், பூச்சட்டி சகிதம் மொண்டெல்லோ கடற்கரை வீட்டுக்குக் கிளம்பிவிடுவார். 2006ஆம் ஆண்டு பாருங்கள், அதற்குச் சற்று முன்னால் புருசன் பெண்சாதி இருவருடைய லைசென்சும் ஒன்றாகக் காலாவதியாக வேண்டுமா! புதுப்பிக்காதவர் கையில் கார்ச்சாவி கிடையாது, வேறு டிரைவர் பார்ப்பேன் என்று சிஞ்ஞோரா கறாராகச் சொல்லிவிட்டார்.

"இஞ்சேருங்கோ, கீழை கார் பழக்கிற பள்ளிக்கூடத்துக்கு வியாழக்கிழமையில டொக்டர் வாறாராம். கண்ணைப் பாத்திட்டு உடனை கடுதாசி குடுக்கிறாராம். ரெண்டு பேரும் போவம்," என்றாள் அற்புதமலர்.

"வரிசையில நிண்டோ? உமக்கு உலகம் விளங்காதப்பா. எனக்கு ஆள் இருக்கு."

வந்த புதிதில் விசாவுக்காகக் குவெஸ்தூரா என்ற பொலிஸ் கந்தோர் வாசலில் மழையில் நின்று கால் வீங்கிய மனிதர். வரிசை என்பது ஆளில்லாதவர்களுக்கு என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். கோபம் நியாயம்தான். ஆனால் அந்த நியாயத்தைத் தூக்கிக்கொண்டு அவர் அலைந்த அலைச்சலைக் கேளுங்கள்: கபோ சந்தையில் மீன் விற்கிற சினேகிதன், அவனுடைய மச்சான், மச்சான் காட்டிவிட்ட கோயில் மணியடிக்கிறவர், மணியடிக்கிறவரின் பென்சன் எடுத்த சித்தப்பா என்று ஆளுக்கொரு கோப்பி, ஆளுக்கொரு பெட்டி கேக். எல்லோரும் நெஞ்சில் கைவைத்து 'நான் பார்த்துக்கொள்கிறேன்' என்றார்கள். எதைப் பார்த்தார்கள்? கேக்கைத்தான்!

அற்புதமலர் வியாழக்கிழமை கீழே இறங்கினாள், வரிசையில் நின்றாள், சுவரில் இருந்த எழுத்துகளை வாசித்தாள், அடுப்பில் சோறு வேகுமுன் கடுதாசியோடு ஏறி வந்தாள்.

"நீங்களும் ஒருக்கா இறங்கிப்போட்டு வாங்கோவன்."

"நீர் பேசாமல் இரும். பெரிய இடத்திலை கதைச்சிருக்கு."

சிஞ்ஞோரா புறப்பட ஒரு நாள் இருக்கையில், அதுவும் ஒரு வியாழக்கிழமை, சித்தப்பா காதோடு காதாக ஒரு டொக்டரின் பெயரையும் விலாசத்தையும் சொன்னார். கேட்டால், இவர் குடியிருக்கும் அதே தெரு! அதே கீழ்வாசல், அதே கார்ப் பள்ளிக்கூடம்! வெட்கப்பட்டாரா? கோட்டைப் போட்டுக்கொண்டு வரிசையை விலக்கிப் போய், "சித்தப்பா அனுப்பினவர்," என்று இத்தாலியனில் குசுகுசுத்தார். டொக்டருக்கு எந்தச் சித்தப்பாவையும் தெரியவில்லை. வரிசைக் கடைசிக்குப் போகச் சொன்னார். இவருடைய முறை வருமுன் நேரம் முடிந்தது. இனி அடுத்த வியாழன்.

மறுநாள் சாவி அற்புதமலரின் கைக்குப் போனது. போனது போனதுதான். இவள் ஹோர்ன் அடிக்காமல் ஓட்டுகிறாள் என்று சிஞ்ஞோராவுக்குப் பரம திருப்தி. கொன்ஸ்ரன்ரைன் பின் இருக்கையில் நாயை மடியில் வைத்துக்கொண்டு போனார். பாவம், மனிதருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஞாயிறு பூசை முடிய, கூட வேலை செய்த பீலிக்ஸ் பிடித்துக்கொண்டான்: "என்னண்ணை, இப்ப அக்காவோ கார் ஓடுறா?"

"ஓம். அந்த வேலை லேசிலை கிடைக்குமோ? அவவுக்கு அங்கை ஆள் இருக்கு. நான்தான் சிஞ்ஞோராவோட கதைச்சு விட்டனான்."

சிரிக்கிறீர்களா? தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் உங்கள் லைசென்ஸ் எப்போது முடிகிறது என்று ஒருதரம் பார்த்துவிட்டு வாருங்கள். பார்த்தாயிற்றா? அந்த டொக்டரிடம் எனக்குப் பழக்கம் உண்டா என்று கேட்கத்தானே இப்போது வாயெடுத்தீர்கள்?