மைலேஜ் அண்ணாச்சியின் கார் ஷெட்

உலகத்தில் ஓடுகிற எந்தக் காரானாலும் சரி, அதற்கு எந்தெந்த நாட்டில் என்னென்ன அவதாரம் என்று மைலேஜ் அண்ணாச்சிக்குத் தெரியும். இத்தனைக்கும் அவரிடம் கார் கிடையாது. கார் ஷெட் உண்டு.

தக்கலையில் நான் வேலை பார்த்தபோது அவர் எனக்கு எதிர்வீட்டுக்காரர். வளைகுடாவில் ஒரு துறைமுகத்தில் கார்களோடு காலம் கழித்துவிட்டுத் திரும்பியவர். அங்கே என்ன வேலை என்று யாரும் கேட்டதில்லை. கேட்பதற்கு அவர் பேச்சை நிறுத்தினால்தானே?

வீடு கட்டும்போதே ஷெட்டையும் கட்டிவிட்டார், நம் நாட்டு அளவுக்கு. பிறகு மனம் ஓர் ஐரோப்பிய மாடல்மேல் போய் விழுந்தது. பின்சுவரை இடித்து நீட்டினார். அடுத்து ஓர் அமெரிக்க மாடல். அது இந்தியாவில் விற்பனைக்கே வராதது. அதன் அகலத்துக்காகப் பக்கச்சுவர் போனது, கூடவே அவர் மனைவி ஜெயா டீச்சரின் கறிவேப்பிலை மரமும் போனது. கார் மட்டும் வரவில்லை. டீச்சர் அங்கே தேங்காய் காயப்போட்டார்.

மழைக்கால மாலைகளில் தேங்காயை ஒதுக்கிவிட்டு, நாற்காலி போட்டு நாங்கள் உட்காருவோம்.

"ஜப்பான்ல இந்த வண்டி கைக்குழந்தை மாதிரி இருக்கும் மக்கா. ரோடு ஒடுக்கம், வண்டியும் ஒடுக்கம். அதே பேர்ல அமெரிக்காவுக்குப் போனா தின்னு கொழுத்துப் போவும். நம்ம ஊருக்கு வந்தா வால வெட்டிருவான். நாலு மீட்டருக்குள்ள நின்னா வரி கொறவு, மனசிலாச்சா?"

"மைலேஜ் எவ்வளவு, அண்ணாச்சி?"

அந்தச் சொல்லைக் கேட்டதும் கண்ணை மூடிக்கொள்வார். "நாம லிட்டருக்கு எத்தன கிலோமீட்டர்னு கேப்போம். ஐரோப்பாக்காரன் நூறு கிலோமீட்டருக்கு எத்தன லிட்டர்னு கேப்பான். அமெரிக்காக்காரனுக்குக் கேலன். இங்கிலாந்துக்காரனுக்கும் கேலன்தான், ஆனா அவனுக்க கேலன் பெரிசு. ஒரே வண்டிதான் மக்கா, நாட்டுக்கு நாடு தாகம் வேற."

அவர் சொல்லச் சொல்ல, தகரக் கூரையில் விழும் மழைச்சத்தம் மெல்ல மெல்லப் பின்னுக்குப் போகும். நாங்கள் ஏதோ ஒரு பனிநாட்டு மலைப்பாதையில், சத்தமே இல்லாத வண்டியில், வளைந்து வளைந்து போய்க்கொண்டிருப்போம். டீச்சர் பால் விடாத கட்டன்சாயாவோடு வந்து நின்றால்தான் தக்கலை திரும்பி வரும்.

ஒருமுறை சுசீந்திரம் தேரோட்டத்துக்குப் போயிருந்தோம். ஊரே கைகூப்பி நிற்கிறது. இவர் தேரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில் சொன்னார்: "இந்த அகலத்துக்கு ஜப்பான்ல ரெஜிஸ்ட்ரேஷன் கிடைக்காது."

நான் கார் வாங்கியபோது அவரையும் நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனேன். அது என் புத்தி. விற்பனைப் பையன் வாயைத் திறக்கும் முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"தம்பி, இதுக்க அண்ணன் தாய்லாந்துல ஓடுகான். ஒரு சாண் நீளம் கூட. அவன எப்போ கொண்டு வருவிய?"

பிறகு, கால் நீட்ட இடம் இருக்கிறதா என்று பார்ப்பதற்காகப் பின்சீட்டில் ஏறியவர் அப்படியே தூங்கிப்போனார். அவ்வளவு நிம்மதியான தூக்கத்தைக் கலைக்க யாருக்கும் மனம் வரவில்லை. ஷோரூமே ரகசியக் குரலில் வியாபாரம் செய்தது. விழித்தவர், "இப்போ எந்த நாட்டுல நிக்கோம்?" என்றார்.

அந்த வண்டியையே வாங்கினேன். எனக்கு லைசன்ஸ் வருவதற்குள் வண்டி வந்துவிட்டது. ஷோரூம் ஆளே ஓட்டிவந்து அண்ணாச்சி ஷெட்டில் விட்டார். முதல்முறையாக அந்த ஷெட்டுக்குள் ஒரு கார்! அதைத் துடைப்பதே அவருக்கு முழுநேர வேலையாயிற்று.

அந்த ஐப்பசியில் ஒருநாள், டீச்சர் நெய்யூரில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வழுக்கி விழுந்தார். காலுக்குக் கட்டுப் போட்டாயிற்று, வந்து கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. நான் சாவியை நீட்டினேன்.

"நீங்க எடுங்க அண்ணாச்சி. நானும் வாரேன்."

அவர் சாவியை வாங்கி வேட்டியில் துடைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து, சுவரில் உரசாமல் ஒரே திருப்பில் வண்டியைப் பூப்போல வெளியே எடுத்தார். பாருங்கள், என்ன லாகவம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருக்கும்போதே, தெரு முடிந்து பெரிய ரோடு தொடங்கும் இடத்தில் வண்டி நின்றது. எதிரே பஸ்களும் லாரிகளும் தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போயின. வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

"என்ன அண்ணாச்சி?"

"இதுக்கு மேல எனக்குத் தெரியாது மக்கா."

அவர் கை ஸ்டியரிங்கை விடவில்லை.

"கப்பல்லேருந்து எறக்குவேன். துறைமுக யார்டுல கொண்டு நிறுத்துவேன். திரும்ப நடந்து போய் அடுத்தத எடுப்பேன். அமெரிக்க வண்டி, ஜப்பான் வண்டி, எல்லாம் எனக்க கையில ஓடிருக்கு. ஒண்ணையும் யார்டு கேட்டுக்கு வெளிய கொண்டு போனதில்ல. அங்கோடி வேற ஆளு வந்து கொண்டு போவான். நிறுத்திட்டு எறங்கும்போது நினைப்பேன், இது இனி எங்க எல்லாம் போவும்னு."

வண்டியைப் பின்னாலேயே எடுத்து வந்து ஷெட்டில் விட்டார். ஆட்டோவில் நெய்யூர் போனோம். திரும்பும்போது, கட்டுப்போட்ட காலை அவர் மடியில் நீட்டியபடி டீச்சர் முழுக்கதையும் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். வலியோடு சிரித்தார்.

"இத்தன காலம் இதையா ஷெட்டுக்குள்ள பூட்டி வச்சிருந்திய? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்பிடாதா?"

அண்ணாச்சி அந்தக் காலைத் தடவிக்கொண்டே வந்தார்.

கால் சரியானதும் டீச்சர் டிரைவிங் பள்ளியில் சேர்ந்தார். லைசன்ஸ் கைக்கு வந்த வாரமே, யாரிடமும் யோசனை கேட்காமல், பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கி ஓட்டிவந்து வாசலில் ஹார்ன் அடித்தார். அண்ணாச்சி ஓடிவந்து, "இதுக்க மலேசியா மாடல்ல..." என்று தொடங்கினார்.

"கேறுங்க," என்றார் டீச்சர்.

"எங்கோட்டு?"

"திற்பரப்புக்கு. நல்ல மழை. அருவில வெள்ளம் நெறையச் சாடுது."

ஏறினார். வண்டி பெரிய ரோட்டில் திரும்பியபோது அவர் தலை ஜன்னலுக்கு வெளியே வந்தது. காற்றில் வேட்டிநுனி கதவிடுக்கில் படபடத்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

இப்போது நான் சென்னையில் இருக்கிறேன். போன வாரம் அவரைக் கூப்பிட்டேன். டீச்சர்தான் எடுத்தார். "முட்டத்துல நிக்கோம் தம்பி. வண்டிக்குள்ள இருந்து கடலப் பாத்துட்டு இருக்காவ. பேச்சே இல்ல. குடுக்கட்டா?"

போன் கைமாறியது. அலை இரைந்தது. பேச்சில் எந்த நாட்டுக் காரும் வரவில்லை.

"சாப்பிட்டியா மக்கா?" என்றார் அண்ணாச்சி. "என்ன விசயம்?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. சும்மா, உங்க சத்தம் கேக்கணும் போல இருந்துது."